அண்ணனுக்குக் குடிப்பழக்கம் இல்லை

என் அண்ணன் குடிப்பார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. மீட்டிங் போயிருக்கிறார் என்போம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் யாராவது தேடி வந்தால் அண்ணி கதவைப் பாதி திறந்தபடி அதைச் சொல்லிவிடுவார். வந்தவரும் எந்த மீட்டிங், எங்கே, யாரோடு என்றெல்லாம் கேட்டு நம்மைச் சங்கடப்படுத்த மாட்டார். ஆம்பூரில் அண்ணன் இருக்கும் தெருவில் அது ஒரு மரியாதை. எதிர்வீட்டுக்காரரைத் தேடிப் போனால் ஷட்டில் விளையாடப் போயிருக்கிறார் என்பார்கள். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். யாரும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

எங்களுக்கு மறைப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே காரணம் இருந்தது. அண்ணன் சபைக் கமிட்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். நல்ல கணீர்க் குரல். அந்தக் குரலுக்காகச் சனிக்கிழமை மட்டும் மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிடும். மற்ற நாட்களில் ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பித்தது, பிறகு ஒன்றரை, பிறகு எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம். சத்தம் போடமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார், காலையில் ஏழரைக்கெல்லாம் சவரம் செய்து வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் குடிகாரர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது என்று நாங்களே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம்.

அவருக்கு டேனரியில் செலக்‌ஷன் வேலை. பதனிட்டு, சாயம் ஏற்றி முடித்த தோல்களை மேஜையில் விரித்துப் போடுவார்கள். அண்ணன் ஒரு தடவை கண்ணால் பார்ப்பார், ஒரு தடவை உள்ளங்கையால் தடவுவார், ஓரத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் போட்டுவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட வடு எதுவும் அவரிடமிருந்து தப்பாது. மனிதர்களிடமும் இதே வேலைதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன் வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவை எடுத்துத் தடவிப் பார்த்தார். உள்ளே வந்து என் காதில், "ஷூ ஃபஸ்ட் கிரேடு, ஆள் செகண்டு. பரவால்ல, கட்டிக்கோ" என்றார். இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது. இன்னமும் எங்களுக்குள் சண்டை வந்தால், நான் செகண்டு கிரேடுதானே என்று ஆரம்பித்துவிடுகிறார்.

நான் வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவள். கல்யாணத்துக்குப் பிறகு வீடு பாகாயத்தில். பதினான்கு வருஷமாக இந்த இயந்திரத்தோடு குடித்தனம். இதன் முன்னால் மனிதர்களிடம் இரும்பு இருக்கிறதா என்று கேட்பதுதான் என் முதல் வேலை. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். ஜாக்கெட்டுக்குள் நாலு ஊக்கு, அரைஞாணில் தாயத்து, கொண்டைக்குள் கிளிப். ஒரு அம்மா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சத்தியம் செய்த பிறகு இடுப்பிலிருந்து பீரோ சாவிக்கொத்தை எடுத்தார். மருமகள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் கொடுக்க முடியாது என்றார்.

இரும்புக்கு அடுத்து வியாதி வரலாறு. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆபரேஷன், கடைசியில் மதுப்பழக்கம். அந்தக் கேள்விக்கு வந்ததும் குடும்பமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும். எப்பவாவது விசேஷத்துக்கு என்பார்கள். அப்படியென்றால் வாரத்துக்கு நாலு நாள். முன்னே குடிச்சாரு, இப்ப சுத்தமா விட்டுட்டாரு என்றால் நேற்று ராத்திரி விட்டிருக்கிறார். நான் இதையெல்லாம் சிரிக்காமல் எழுதிக்கொள்வேன். வெளியே போன பிறகு கூட வேலை செய்யும் பெண்ணிடம், எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள் பார் என்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

போன வருஷம் லெந்து நாட்கள் வந்தன. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்கள் சபையில் உபவாசம் இருப்பவர்கள் உண்டு. கமிட்டி ஆள் என்பதால் அண்ணன் இருந்தே ஆகவேண்டும், இருக்கிறார் என்று நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும். அவர் கறியை விட்டார். மீனை விட்டார், முட்டையை விட்டார். காலைப் பலகாரத்தை விட்டார், மத்தியானச் சாப்பாட்டையும் விட்டார். சாயங்காலம் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அங்கே கொடுக்கும் கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு நேராக மீட்டிங்குக்குப் போய்விடுவார். அதை மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்தால் பசியில்லை என்று படுத்துக்கொள்வார். அண்ணி மூடிவைத்த சோறு மறுநாள் காலை தண்ணீர் ஊற்றின சோறாகி, அதையும் அண்ணியேதான் சாப்பிட்டுவிட்டுத் தன் ஷூ கம்பெனி வேலைக்கு பஸ் பிடிக்க ஓடுவார்.

மூன்றாவது வாரத்தில் அண்ணன் சட்டை தொளதொளத்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. சபையில் எல்லோரும் மெச்சினார்கள். இந்தக் காலத்தில் இப்படி உபவாசம் இருக்க யாரால் முடியும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்திலேயே, பெயர் சொல்லாமல், அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துப் பேசினார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெறும் வயிற்றில் தினமும் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பெருமைப்பட்டேன்.

முதலில் பிடித்தது டேனரிதான். ஒரு திங்கட்கிழமை முழுக்க அண்ணன் நல்ல தோல்களுக்கெல்லாம் மூன்றாம் தரம் போட்டுவிட்டார். இருபது வருஷமாக அவர் சாக்பீஸை யாரும் கேள்வி கேட்டதில்லை. மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்து, இந்தத் தோலில் ஒரே ஒரு உண்ணித் தழும்புதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, ரெண்டு இருக்குதே, கண்ணு தெரியலையா உனக்கு என்று அவரையே திட்டியிருக்கிறார். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாகத் தெரிந்திருக்கிறது அவருக்கு. அன்று சாயங்காலம் கேட்டுக்கு நடந்து வரும்போது காலை அகட்டி அகட்டி வைத்தாராம். மேஸ்திரிதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. ஒரே வாந்தி.

அன்றைக்கே குடும்பம் கூடி வியாதியைக் கண்டுபிடித்துவிட்டது. டேனரி கெமிக்கல். இருபது வருஷம் மூச்சில் இழுத்தது தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவானது. செலக்‌ஷன் டேபிள் இருக்கும் இடத்துக்கும் கெமிக்கலுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டே இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கெமிக்கல் என்றால் எவ்வளவு வசதி பாருங்கள். அண்ணன் மேல் தப்பில்லை, அண்ணி மேல் தப்பில்லை, எங்கள் யார் மேலும் தப்பில்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு ஆம்பூர் போனேன். அண்ணன் கட்டிலில் துவண்டு கிடந்தார். கை நடுங்கியது. பதினான்கு வருஷம் ஆஸ்பத்திரி வாசனை பிடித்தவள் என்ற கெத்து எனக்கு. யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ வைத்துத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போய், ரொம்ப வீக்கா இருக்காரு, ஒரு பாட்டில் ஏத்திடுங்க என்று நானே சொன்னேன். எங்கள் ஊரில் எதற்கும் பாட்டில்தான். காய்ச்சலுக்குப் பாட்டில், களைப்புக்குப் பாட்டில், பரீட்சைக்கு முன்னால்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டில் ஏற்றுபவர்கள் உண்டு. குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தால்தான் நமக்கு நிம்மதி. அன்றைக்கு ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு எண்ணியது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வாணியம்பாடியிலிருந்து அண்ணியின் தங்கை உடம்பு எப்படி என்று கேட்க போன் செய்தாள். அண்ணனே எடுத்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, நேற்று எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு அமிர்தி போயிருந்தோம் என்றார். மான் பார்த்தோம், அருவியில் தண்ணி கம்மி, பிள்ளைகளுக்கு ஒரே ஆட்டம், பிரியாணி கட்டிக்கொண்டு போனோம், கொஞ்சம் மீந்துவிட்டது என்று விவரமாகச் சொன்னார். லெந்து நாளில் பிரியாணி என்ற இடத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, வேனில் ஒரு சீட் எங்களுக்கு இருக்காதா, ஒரு வார்த்தை கூப்பிட்டால் என்ன என்று பிடித்துக்கொண்டாள். நேற்று முழுக்க அவர் கிளினிக்கில் படுத்திருந்தார் என்று அண்ணி எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. இன்றுவரை பாதிதான் நம்புகிறாள்.

நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அமிர்திக்கு நானும் வந்தேனா என்று கேட்டேன். நீ இல்லாமலா, உன் வீட்டுக்காரர்தான் பாறையில் வழுக்கி விழுந்தாரே என்று சிரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. அவர் கண்மணிகள் நேராக நிற்காமல் ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்பியதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

கிளினிக் டாக்டர், ஸ்ட்ரோக்காக இருக்கலாம், கெமிக்கலாகவும் இருக்கலாம், உடனே மூளையை ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். குடிப்பாரா என்று அவரும் கேட்டார். சபைக் கமிட்டியில் இருக்கிறார் என்று அண்ணி பதில் சொன்னார். டாக்டர் அதை இல்லை என்று எழுதிக்கொண்டார். வாடகைக் கார் பிடித்து, நேராக எங்கள் சென்டருக்கே விடச் சொன்னேன்.

அண்ணனைத் தயார்ப்படுத்தும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே செய்தேன். அரைஞாணில் கோர்த்திருந்த சின்னச் சிலுவையைக் கழற்றினேன். இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். அந்த வட்டத் துளையை உற்றுப் பார்த்து, "ட்ரம்முக்குள்ள தோலத்தான் போடுவாங்க, என்ன ஏன் போடுற பாப்பா?" என்றார். டேனரியில் தோல் ஊறப்போடும் பெரிய மர ட்ரம் என்றே நினைத்துவிட்டார். சுத்தாதுண்ணா, சத்தம் மட்டும்தான் வரும் என்றேன். சுத்தலைன்னா சாயம் எப்படி ஏறும் என்று கவலைப்பட்டார். தலையைப் பொருத்திக் காதை அடைக்கும்வரை அந்தக் கவலை தீரவில்லை.

பிறகு படிவம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆபரேஷன் இல்லை. மதுப்பழக்கம் என்ற வரிக்கு வந்தேன். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்றார். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எங்கள் சபைக்காரரின் மகள், இந்தத் தாளை அவள்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. கெமிக்கலாகவே இருந்துவிடட்டும் என்ற ஆசையும் இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பதினான்கு வருஷமாக நான் கேலி செய்த ஜனங்களாவது ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படங்கள் வர ஆரம்பித்தன. நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட் எழுதுவது என் வேலையும் இல்லை. ஆனால் பதினான்கு வருஷம் ஒரே ஜன்னலில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களை அடையாளம் தெரியாமல் போகாது. மூளையின் அடியில், நடுவாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன உருண்டைகள் உண்டு. உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் வேலையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. சாதாரணமாகப் பார்த்தால் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தோடு அடங்கிக் கிடக்கும், தேடினால்தான் தெரியும். அண்ணனுக்கு இரண்டும் வெள்ளையாக மின்னின. அதற்கு மேலே, நடுவில் ஓடும் நீர்ப்பாதையின் இரண்டு கரையிலும் அதே வெள்ளை. இரண்டு பக்கமும் அளவெடுத்து வைத்தது போல ஒன்றாக இருந்தன. ஸ்ட்ரோக் இப்படி இரண்டு பக்கமும் சரிசமமாக வருவது அபூர்வம். பின்பக்கம் சிறுமூளை இளைத்து மடிப்புகள் விலகியிருந்தன. அந்த இளைப்பு ஒரு மாதத்தில் வருவதில்லை, வருஷக்கணக்கில் வருவது.

இதே படத்தை இதற்கு முன் குடிப்பவர்கள் நாலைந்து பேருக்குப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வரிசைப் படங்கள் முடிய நாலு நிமிஷம் ஆகும் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போய் டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நான் நாலு நிமிஷமும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் தானாகவே எழுந்து வந்தார். தன் அறைத் திரையில் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். படிவத்தை எடுத்துப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணன்தானே?"

"ஆமா மேடம்."

"படம் ஒண்ணு சொல்லுது, இந்தத் தாள் ஒண்ணு சொல்லுது. குடிக்காதவங்களுக்கும் இது வரலாம், சாப்பாடே இறங்காம வாந்தி எடுத்துட்டிருந்தா வரும். நான் எதை வெச்சு எழுதட்டும்?"

அண்ணி கதவருகே நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"குடிப்பாரு மேடம். தெனமும். லெந்துக்குச் சாப்பாட்ட விட்டுட்டாரு, அத விடல."

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அண்ணி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். மேடம் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார். எங்கள் சென்டருக்கு மேல்மாடியில்தான் ஆஸ்பத்திரி வார்டு. ரிப்போர்ட் அப்புறம் டைப் அடிக்கலாம், முதலில் வைட்டமின் ஊசி, நரம்பு வழியாக, இப்போதே என்று சொன்னார். அண்ணனை ட்ரம்மிலிருந்து வெளியே எடுத்த பத்தாவது நிமிஷம் மருந்து ஏறியது. இட்லியிலும் பருப்பிலும் கிடைக்கிற சாதாரண பி ஒன் வைட்டமின். குடி அதை உடம்பில் சேரவிடாது, உபவாசம் உள்ளேயே விடாது. அண்ணன் இரண்டு வாசலையும் பக்தியோடு அடைத்து வைத்திருந்தார்.

குளுக்கோஸ் ஏதாவது ஏற்றினீர்களா என்று மேடம் கேட்டார். இரண்டு பாட்டில் என்றேன். அவர் கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். சர்க்கரையை எரிக்க மூளைக்கு அந்த வைட்டமின் வேண்டும். இருப்பே இல்லாதவருக்கு வைட்டமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சம் மீதி இருப்பதும் அதிலேயே தீர்ந்துவிடும். யார் ஏற்றச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு உண்மை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டாம் நாள் அண்ணனின் கண் நேரானது. நான் ஒருத்தியாகத் தெரிகிறேனா என்று கேட்டதற்கு, ஒண்ணே ஜாஸ்தி என்றார். வார்டில் எல்லோரும் சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சிரித்து முடித்துவிட்டு, "எப்ப வந்த பாப்பா?" என்றார். நான் காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தேன்.

பாஸ்டர் ஜெபிக்க வந்தார். அண்ணி அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், கையைப் பிசைந்துகொண்டு, உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம் ஐயா என்று ஆரம்பித்தார். பாஸ்டர் அவரை முடிக்கவிடவில்லை. எனக்கு ஆறேழு வருஷமாகத் தெரியும்மா, சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் முடியும் என்பதுகூடத் தெரியும் என்றார். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்ததை யாரிடம் மறைக்க நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நடை தேற மூன்று மாதம் ஆனது. குடியை விட்டுவிட்டார். பணம் இருக்கும் பீரோ சாவியை அண்ணி தன்னிடம் வைத்துக்கொண்டதும் ஒரு காரணம், மீட்டிங் தோஸ்த்துகள் பயந்து ஒதுங்கிக்கொண்டது இன்னொன்று. மேஸ்திரி ஒருநாள் சோதனைக்காகப் பத்துத் தோல்களைக் கட்டி வீட்டுக்கே எடுத்து வந்தார். அண்ணன் ஒவ்வொன்றாக விரித்து, பார்த்து, தடவி, தரம் சொன்னார். பத்தும் சரி. மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. தோல்களைச் சுருட்டப் போனவரை அண்ணன் தடுத்து, இரு, பாத்துக் குடுக்கிறேன் என்று முதல் தோலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது தடவையும் பத்துக்குப் பத்து, அதே தரம். கைக்கும் கண்ணுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. அப்போதுதான் பார்த்து முடித்தது மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் டேனரிக்குப் போகிறார். பார்த்த தோலை உடனே அங்கிருந்து அகற்றுவதற்கென்று பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தேன். இந்தத் தடவை எல்லா வரியிலும் உண்மையே எழுதினேன். வெள்ளை போய்விட்டது. அந்த இரண்டு உருண்டைகளும் வற்றிச் சுருங்கியிருந்தன. இதற்கு மேல் பெரிதாகத் திரும்ப வராது என்றார் மேடம். புதன்கிழமையே நான் கிளினிக்கில் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் பாட்டில் ஏறாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். முதல் இரண்டு மூன்று நாள் ரொம்ப முக்கியம், ஆனால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மற்றவர்கள் சமையலறையில் இருந்தபோது சொன்னேன். நான்தான் பாட்டில் ஏற்றச் சொன்னேன், படிவத்தில் நான்தான் இல்லை என்று எழுதினேன் என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன் என்று என் தலையில் தட்டினார். எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருக்கு அது மறந்துவிட்டது. அவருக்கு மறந்ததும் எனக்கு அந்த மன்னிப்பு செல்லாததாகத் தோன்றியது. அடுத்த மாதம் மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தார், மறுபடி தட்டினார். மூன்றாவது தடவையும் அப்படியே. ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்குள் எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மனசு கனக்கும்போதெல்லாம் ஆம்பூர் பஸ் ஏறிவிடுவேன்.

நாலாவது தடவை சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"இவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி விஷயம் தெரியாது, சரி. உனக்குத் தெரியும் இல்ல பாப்பா? நீ ஏன் அப்படி எழுதுன?"

ரிசப்ஷன் பெண்ணைச் சொல்லலாம், அண்ணியின் பார்வையைச் சொல்லலாம். எதுவும் வாயில் வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

அரை மணி நேரம் இருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரி வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"எப்ப வந்த பாப்பா?"

"இப்பத்தாண்ணா" என்றேன்.